யோசப்பின் காரில் கை வைக்கக்கூடாது

குடத்தனையில் தார் வீதி முடிகிற இடத்தில் காரை நிறுத்தி, குந்தியிருந்து, தீக்குச்சியால் நான்கு ரயர்களிலும் காற்றை இறக்குகிறார், வாடகைக்குக் கார் ஓட்டும் யோசப்பின் என்கிற பெண். இனி மணற்காட்டுக் கரை வரை மணல்தான்; இறுகிய ரயர் புதைந்துவிடும். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "அவசரமெண்டால் அண்ணை நடந்து போங்கோ" என்றார், திரும்பாமலே.

கணவர் அடைக்கலநாதன் சாகும்போது விட்டுப்போன பழைய ஒஸ்ரின் கார் அது. பின் சீற்றுக்குச் சிவப்பு றெக்சின் தைத்து, அதைக் கோயில் பீடம்போல் வைத்திருக்கிறார். "காலைத் தட்டிப்போட்டு ஏறுங்கோ. சீற்றிலை மண் பட்டால் எனக்கு விசர் வரும்." தட்டினேன். போதாதாம். இன்னொரு தரம் தட்டவைத்துத்தான் ஏற்றினார். நல்ல வேளை, தலையைத் தட்டச் சொல்லவில்லை.

இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மணற்சுவர்கள். நடுவே கார் வளைந்து வளைந்து போகிறது. மேட்டு நுனிகளிலிருந்து மணல் புகையாகப் பறக்கிறது. நேற்றைய தடம் இன்றைக்கு இல்லை. ஒரு திருப்பத்தில் சுவர்கள் விலகி, கடல் முழுவதும் கண்ணில் அடித்தது. வாயைப் பிளந்தேன். "வாயை மூடுங்கோ, மண் போகும்" என்றார் யோசப்பின்.

கரையில் சூசைதாசன் நின்றார். அடைக்கலநாதனின் தமையன். பெண் கார் ஓட்டுவது குடும்பத்துக்கு வெட்கமென்று காரை விற்கத் துடிக்கிறவர். போன மாதம் கோயில் முற்றத்தில் ஊரார் முன்னால் பந்தயமாகச் சொல்லியிருக்கிறார்: "மணலுக்கை ஒருக்கா ஆள் பிடிச்சுத் தள்ள வேண்டி வந்தால், திறப்பு என்ரை கையிலை." "ஓம், தாறன்" என்று யோசப்பினும் சாவியைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். இந்த ரோசத்துக்கு என்ன செய்வது? காரும் போய், பிழைப்பும் போனால்?

திரும்பும்போது சூசைதாசனும் ஏறிக்கொண்டார், காலைத் தட்டாமல். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே யோசப்பின் காரை எடுத்தார்.

தார் வீதி தெரிகிற கடைசி மேட்டில் பின்சில்லு மணலுக்குள் புதைந்தது. யோசப்பின் இறங்கி, டிக்கியிலிருந்த தென்னோலைக் கிடுகுகளைச் சில்லுக்கடியில் செருகிக் காரை எடுத்துப் பார்த்தார். கிடுகுகள் தூளாய்ப் போயின. சூசைதாசன் இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"தள்ளட்டோ?"

"காரிலை கை வைக்காதேங்கோ அத்தான்."

நானும் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யோசப்பின் பின்கதவைத் திறந்து, அந்தச் சிவப்புச் சீற்றைப் பிடுங்கி, சில்லுக்கடியில் போட்டு மிதித்து இறுக்கினார். ஏறி எஞ்சினை உறுமவிட்டார். றெக்சின் கிழிந்தது, பஞ்சு பறந்தது, கார் ஒரு தாவலில் மேடேறி நின்றது.

"ஏறுங்கோ" என்றார். நான் முன்னால் ஏறினேன். சூசைதாசன் வெறும் தகரத்தில் குந்திக்கொண்டு வந்தார்.

தார் வீதியில் இறங்கியதும் அவர் கையை நீட்டினார். "புதைஞ்சது புதைஞ்சதுதானே. திறப்பைத் தா."

"ஆர் தள்ளினது?"

சூசைதாசன் நீட்டிய கை அப்படியே நின்றது. யோசப்பின் திறப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு டிக்கியைத் திறந்தார். காற்றடிக்கிற பம்பை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"நாலு ரயருக்கும் அடியுங்கோ அத்தான்."