மாதாவின் முந்தானை

"'நல்லா நடிச்சாங்க'ன்னு எழுதாதீங்க. கை இன்னா பண்ணிச்சி, கண்ணு எங்க போச்சி, அத எழுதுங்க" என்பார் எங்கள் நாடக வகுப்பு ஆசிரியர்.

அப்படி மதிப்பிட்டு எழுதத்தான், பெரிய வெள்ளியன்று வடக்கனந்தல் பக்கம் ஒரு மாதா கோயில் மைதானத்தில் நடந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்குப் போனேன். மாதாவாக நடித்தவள் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை அவள் மடியில் கிடத்தினார்கள். கூட்டமே அழுதது. அவள் மட்டும் அழவில்லை. கல்வராயன் மலைப்பக்கம் சாய்ந்த வெயில் அவன் முகத்தில் விழ, முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள்.

பிணத்துக்கு எதற்கு நிழல்? கூட நடிக்கிற பையனுக்காகப் பாத்திரத்தையே விட்டுவிட்டாள் என்று எழுதிக்கொண்டேன்.

முடிந்ததும், மோர் குடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாடி, அவன் செத்துட்டான்னு மறந்துட்டியா?"

"மூஞ்சில வெயில் அடிச்சிக்கினு இருந்திச்சிடி. செத்துட்டா மட்டும் பெத்த புள்ளய வெயில்ல போட்டுடுவாளா?"

எனக்கு அது சமாளிப்பாகத்தான் பட்டது. எழுதியதை மாற்றவில்லை.

பல வருடங்கள் கழித்து, போன கோடையில் என் அம்மா இறந்தாள். வாசலில் கிடத்தியிருந்தோம். பந்தல் கீற்றின் இடைவெளியில் வெயில் இறங்கி அம்மாவின் நெற்றியில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த நான் எழுந்துபோய் முந்தானையை விரித்துப் பிடித்தேன்.

ஸ்டெல்லாவின் கை அன்று சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.