ஹோசியா மாமா சுமந்த புத்தகம்

எல்ஸ்வொர்த் டேனின் சுயசரிதையை ஹோசியா பெட்வே போலப் படித்த மனிதன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. எழுதிய டேனுக்கே சந்தேகம் வந்தால், ஹாலிவுட்டிலிருந்து பஸ் பிடித்து, தெற்கே மொபைல் என்கிற கடலோர ஊருக்கு வந்து, ஹோசியாவிடம்தான் கேட்டுத் தெளிய வேண்டும். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, ஹோசியாவேதான்.

டேன், வேலைக்காரன் வேஷங்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதாநாயகனாக நின்ற முதல் கறுப்பு நடிகர்களில் ஒருவர். நேர்மையைப் பற்றியும் ஆண்மையைப் பற்றியும் தடிமனாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார். போன கிறிஸ்துமஸிலிருந்து அது ஹோசியாவின் அக்குளிலேயே குடியிருந்தது. அவர் ஓட்டிய டவுன் பஸ்ஸிலும் கண்ணாடிக்குக் கீழே, அட்டை வெளியே தெரியும்படி சாய்ந்து நின்றது.

"ஆம்பளன்னா யாரு தெரியுமாடா?" என்று சலூனில் பாதி மழித்த தாடியோடு கேட்பார். "முதுகெலும்பு உள்ளவன்! டேன் என்ன சொல்றாருன்னா..."

டேன் என்ன சொன்னார் என்பது ஒருநாளும் வந்ததில்லை. அட்டையைத் தட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். இதே முதுகெலும்பு, டிப்போவில் சூப்பர்வைசர் இருமினால் இரண்டாக மடியும். சீட்டாட்டத்தில் தோற்கப்போகிற நேரம், ஒரு சீட்டு தானாகவே நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் லட்ரீஸ், அவருடைய தங்கை வெர்டெல்லின் மகள். பதினாறு வயது. டீச்சரின் நாற்காலியில் தேனைத் தடவியதற்காகப் பள்ளிக்கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மாமா குளிக்கப் போன ஒரு நாள், டேனின் மேலட்டையைக் கழற்றி, சர்ச்சில் பழைய சாமான் விற்கிற மேஜையில் கிடைத்த கோழி வளர்ப்புப் புத்தகத்துக்குப் போட்டுவிட்டாள். சாயங்காலமே மனுஷன் கத்துவார் என்று காத்திருந்தாள்.

கத்தவில்லை. மறுநாள் சலூனில் கோழிப் புத்தகத்தைத் தட்டி, "டேன் மாதிரி எழுத எவன் இருக்கான்?" என்றார். அடுத்த வாரமும் தட்டினார். தெருமுனையில் நின்று லட்ரீஸ் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

டேன் வெத்து வேட்டு என்று மாமாவைத் தினமும் சீண்டுகிறவள், உரித்தெடுத்த அசல் புத்தகத்தையும் கேலிக்குப் பொருள் தேடித்தான் திறந்தாள். பிறகு ஏன் மூடவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போதகர் வந்து, "வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சில ஆண்களுக்கான விசேஷ ஆராதனை, நீங்க பேசணும் பிரதர் பெட்வே. அந்தப் புத்தகத்திலேருந்தே பேசுங்க," என்றார். வருஷக்கணக்காக சர்ச் வாசலில் கார்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லிக் கையாட்டிய ஆளை, உள்ளே வந்து பேசு என்று யாரும் கூப்பிட்டதே இல்லை. ஹோசியா கறுப்பு சூட்டை மூன்று தடவை இஸ்திரி போட்டார்.

"என் டை நேரா இருக்கா லட்ரீஸ்?"

"உன் கழுத்துதான் கோணல், மாமா."

அவர் சிரிக்கவில்லை. டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அவளுக்கு என்னவோ போல் ஆயிற்று. அட்டையை மாற்றிவிடலாம் என்று அசல் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் மனுஷன் காரிலும் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் குடு மாமா, தூசி தட்டித் தரேன்."

"உன் கை பட்டா புத்தகம் கெட்டுடும்டி."

பிரசங்க மேடையில் ஏறினார். கண்ணாடியை மாட்டினார். புத்தகத்தைத் திறந்தார். ஒரு கொழுத்த பெட்டைக்கோழி அவரைப் பார்த்தது. பக்கத்தைப் புரட்டினார். முட்டை.

அந்த சர்ச்சில் பேச்சு நன்றாக இருந்தால், "சொல்லுங்க!" என்று கூவுவார்கள். ஆள் கவிழ்கிறான் என்றால் ஆண்டவரைக் கூப்பிடுவார்கள். முன்வரிசை மோஸெல் அம்மா விசிறியை நிறுத்தி, மெல்ல ஆரம்பித்தாள்: "அவருக்கு உதவி செய்யும், ஆண்டவரே."

"உதவி செய்யும், ஆண்டவரே," என்றது பாடகர் குழு. சலூன்காரனும் சேர்ந்துகொண்டான். அதைக் கேட்டபின் அந்த மேடையில் யாரும் தேறியதில்லை. மடிப்புக் கலையாத கால்சட்டைக்குள் ஹோசியாவின் முழங்கால்கள் ஆடுவது கடைசி பெஞ்சு வரை தெரிந்தது.

கடைசி பெஞ்சில்தான் லட்ரீஸ் இருந்தாள். எழுந்துவிட்டாள்.

"டேன் என்ன சொல்றாருன்னா, படத்துல என் தம்பி அடி வாங்குறத பார்த்து சிரின்னு டைரக்டர் சொன்னாரு!" என்று கத்தினாள். "நான் சிரிக்கல! விளக்கெல்லாம் அணைக்கிற வரைக்கும் நின்னேன்! என் கால் நடுங்குச்சு. நடுங்குன கால்லதான் நின்னேன்!"

விசிறிகள் நின்றன. "சொல்லு பொண்ணே!" என்றாள் மோஸெல் அம்மா.

ஹோசியா கோழியைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சபையாரே," என்றார். "நான் கையில வச்சிருக்கிறது கோழி வளக்குற புத்தகம். எத்தன நாளா வச்சிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஏன்னா நான் திறந்ததே இல்ல."

மோஸெல் அம்மாவின் விசிறி மடியில் விழுந்தது. பிறகு சலூன்காரன், "சொல்லுங்க!" என்றான். நிஜமாகவே சொன்னான்.

"ஆனா அங்க நிக்கிறாளே, டேன் வெத்து வேட்டுன்னு தினம் என்னைக் கிண்டல் பண்ணவ, அவ முழுசும் படிச்சிருக்கா. மனப்பாடமே பண்ணியிருக்கா." அவர் கையை நீட்டினார். "பையில என்னடி அவ்வளவு கனம்? கொண்டா இங்க. கோழிய நீ வச்சுக்க."