சாம்பல் இறகு ஈ

ஜெர்மனியில், எர்லாங்கன் நகருக்கு வடக்கே, ட்ரௌட் மீனுக்குப் பேர்போன ஓர் ஆற்றங்கரையில் அவரைச் சந்தித்தேன். நரைத்த மீசைவைத்த யாழ்ப்பாணத்துக்காரர். தூண்டில் முள்ளில் சாம்பல் நிறச் சேவல் இறகைச் சுற்றிச் செய்த பொய் ஈக்களைத் தொப்பி முழுக்கக் குத்தியிருந்தார். அந்தப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் காலங்காலமாகக் கட்டிவரும் ஈ அது.

“அண்ணா, இதெல்லாம் யாரு கட்டிக் குடுத்தது?” என்றேன்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “நான்தான்.”

ஒவ்வொரு முறை வீசுமுன்னும் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்ப்பார். நகத்தில் பிடித்தால்தான் கூர் சரி.

எதிர்க்கரையில் ஒரு ஜெர்மன்காரரின் தூண்டிலைக் கடித்த மீன் நழுவி ஓடியது. இவர் மீசைக்குள் சிரித்தார்.

“எங்கடை மீன்பிடிச் சங்கத் தலைவர். நான் கட்டின முதல் ஈயைப் பார்த்து, ‘ஆர் கட்டித் தந்தது?’ எண்டு எல்லாருக்கும் முன்னாலை கேட்டவர். இப்ப என்னட்டைத்தான் வாங்கிறார். முனையை மழுங்க அராவிப்போட்டுத்தான் குடுக்கிறனான். மீன் கடிக்கும், நிக்காது.”

“கண்டுபிடிக்க மாட்டாரா?”

“அவர் மீனைத்தான் ஏசுவார், தம்பி.”

விடைபெறும்போது தோளில் தட்டி, எனக்கும் ஓர் ஈ தந்தார். வீட்டுக்கு வந்து அதை நகத்தில் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது. நான் கேட்டதும் அதே கேள்விதான் என்பது அப்போதுதான் உறைத்தது.