கடைசியில் வைக்கும் புள்ளி

அந்தப் பட்டறையில் இருந்த பழைய லேசர் மெஷின் ஒரு வரி எழுதப் பதினோரு நிமிஷம் எடுக்கும். வந்தவர்கள் கொட்டாவி விடுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எதிர்க்கடை வரைக்கும் போய் வருவார்கள். எழுத்தம்மாவுக்கு மட்டும் அந்தப் பதினோரு நிமிஷமும் பத்தாது.

எழுத்தம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பட்டறை அவள் வீட்டுக்காரருடையது. வீட்டின் முன்னறையிலேயே நடந்தது. ஒரு சுவரோரம் அக்ரிலிக் தகடுகள் சாய்ந்து நிற்கும், இன்னொரு சுவரோரம் மரப்பலகைகள். எப்போதும் லேசாக மரம் தீய்ந்த வாசனை. மெஷின் தொழில் அவர் கற்றுக்கொண்டது. எழுத்து அவளுடையது.

அவள் கையெழுத்து அப்படி. கல்யாணமான புதிதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தால், அதைக் கடைக்காரர் திருப்பித் தராமல் எடுத்து வைத்துக்கொள்வாராம். பட்டறை தொடங்கியதும் அவர் கம்ப்யூட்டரில் மாட்டுகிற எழுதுபலகை ஒன்று வாங்கி வந்தார். அதில் அதற்கான பேனாவால் எழுதினால் பதிவது எழுத்து மட்டுமல்ல. எந்தக் கோட்டை முதலில் இழுத்தோம், எதைப் பிறகு இழுத்தோம் என்ற வரிசையும் சேர்ந்தே பதியும். மெஷின் அதே வரிசையில் மரத்தில் எழுதும். அவள் 'நல்வரவு' எழுதினாள், 'அம்மா அப்பாவுக்கு' எழுதினாள், 'என்றென்றும் அன்புடன்' எழுதினாள். கடைசியாகச் சொன்னதைத்தான் ஊரே கேட்டு வாங்கியது.

அவளிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். வரி முழுவதையும் புள்ளியில்லாமல் எழுதி முடித்துவிட்டு, அப்புறம்தான் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரைக்கும் பின்னாலேயே வந்து ஒவ்வொரு புள்ளியாக வைப்பாள். வீட்டைக் கட்டி முடித்தபிறகு ஆணி அடிக்கிறாயா என்று வாத்தியார் திட்டியும் மாறவில்லை. மெஷினும் அதையே கற்றுக்கொண்டது. வரியை முடித்து ஒரு மூச்சு நிற்கும். பிறகு திரும்பி வந்து, கோழி கொத்துகிற மாதிரி டொக், டொக்கென்று புள்ளி வைக்கும். 'என்றென்றும் அன்புடன்' என்றால் ஐந்து புள்ளி.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் தலைவாரிக்கொண்டிருந்தபோது சீப்பு கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. ஆண்டவன் கருணையில் பேச்சு வந்தது, கால் வந்தது. வலது கை மட்டும் கோபித்துக்கொண்டு போனவர்கள் மாதிரி வரவேயில்லை. அதைத் தினமும் இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள், தூங்குகிற குழந்தையை வைப்பது போல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதம் வீட்டுக்காரர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். லேசர் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மரம் பற்றிக்கொள்ளலாம். மெஷினைக் குளிர வைக்கும் வாளித் தண்ணீர் சூடேறலாம். அதனால் ஒரு முக்காலி போட்டு, நெருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவளும் உட்கார்ந்தாள். ஆனால் அவள் பார்த்தது நெருப்பை இல்லை. கண்ணாடி மூடிக்குள் அந்த மெஷினின் தலை மெதுவாக வளைந்து, ஏறி, இறங்கிப் போகும். அது போகிற போக்கு அவள் கை போன போக்கு. 'ற' எழுதும்போது கொஞ்சம் தயங்குவாளே, அந்தத் தயக்கம்கூட அதில் இருந்தது. அப்போதெல்லாம் மடியில் கிடக்கும் கைக்குள் எங்கேயோ ஓர் ஓட்டம் தெரியும். நிஜமா, மனசு செய்கிற வேலையா என்று அவளுக்கே தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில் மட்டும் சொல்வாள்.

இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நானூறு மரப்பேனாக்களுக்குப் பெயர் பொறிக்கக் கேட்டார்கள். பழைய மெஷினை நம்பி ஒத்துக்கொள்ள முடியாது. போன வருஷம் இப்படி வந்த வேலையை விட்டதற்கே நாத்தனார் அண்ணனை ஒரு வாரம் சும்மா விடவில்லை. பட்டறையில் துடைப்பதும் பொட்டலம் கட்டுவதும் அவள்தான். அண்ணன் மெஷினில் எழுதுவதைவிட எறும்பு மாவு சுமப்பது வேகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் வேகமான புது மெஷினுக்குச் சொல்லிவிட்டார். பழசைச் சனிக்கிழமை நாலு மணிக்கு வேறொரு பட்டறைக்காரர் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. எழுத்தம்மாவிடமும் கேட்டார். நல்லதுதானே என்றாள். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை புது மெஷின் வந்தது. பொருத்த வந்தவர் உள்ளே கண்ணாடிகள் திரும்பி வெளிச்சத்தை வீசும், தலை எதுவும் நகராது என்றெல்லாம் விளக்கினார். மூடிவிட்டால் ஆளே வேண்டாம், சூடு கூடினால் தானே நின்றுவிடும் என்றார். முதல் எழுத்து உங்க அண்ணியுடையதாகத்தான் இருக்கணும் என்று தங்கையிடம் சொல்லி, வீட்டுக்காரர் 'என்றென்றும் அன்புடன்' கோப்பைத் திறந்தார். பலகையை வைத்தார். ஒரு மின்னல். அவ்வளவுதான்.

"ஆச்சா?" என்றாள் எழுத்தம்மா.

"நாலு செகண்டும்மா. இனிமே உங்களுக்கு இங்க வேலையே இல்ல, நிம்மதியா உள்ள போய்ப் படுங்க" என்றார் பொருத்த வந்தவர்.

எழுத்து அச்சு அசலாக இருந்தது. அவள் இன்னொரு தடவை கேட்டாள். அம்மாவுக்கு ஆசையைப் பார் என்று பொருத்த வந்தவர் சிரித்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேகத்தைக் குறைத்துக் காட்டினார். வெளிச்சம் நடுவில் தொடங்கியது. பக்கத்திலிருந்த புள்ளியை வைத்தது, முதலெழுத்துக்குத் தாவியது, வழியில் இன்னொரு புள்ளி. வெளிச்சம் வீணாக அலையாமல் இருக்கக் கம்ப்யூட்டரே வரிசையை மாற்றிக்கொள்ளும், அதனால்தான் இந்த வேகம் என்றார். எழுத்தம்மா தலையாட்டினாள். பிறர் கை ஒன்று தன் கையெழுத்தைப் போடுவதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"என்ன அண்ணி, புது மெஷினை மருமகளப் பாக்குற மாதிரி பாக்குறீங்க? போகப் போகப் பழகிடும்" என்றாள் நாத்தனார்.

முக்காலியை எடுத்து அதன்மேல் பேனாப் பெட்டிகளை அடுக்கினார்கள். அன்று சாயங்காலம் எழுத்தம்மா நெடுநேரம் ஜெபித்தாள். ஒரு இரும்புப் பெட்டிமேல் இவ்வளவு ஆசை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ஆசை போகவில்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கே வண்டி வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒயர்களைக் கழற்றக் குனிந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு தடவை ஓட விடுங்களேன்."

"தண்ணியக் கொட்டிட்டேனேம்மா. எதுக்கு இப்ப?"

"இத்தன வருஷமா நான் நெருப்பப் பாக்கலைங்க. என் கை நடக்குறத இதுலதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் குனிந்தபடியே இருந்தார். ஏழு வருஷம் ஒரே அறையில் இருந்தும் அவருக்கு இது தெரியாது. அவள் சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் அந்த முக்காலியைப் போட்டிருந்தார். நெருப்பைப் பார்க்க அவரே இருந்தார்.

எழுந்து குழாயடிக்குப் போய் வாளியை நிறைத்துக்கொண்டு வந்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நாத்தனார் வாசலுக்குப் போய், உள்ளே ஒரு அவசர வேலை ஓடுகிறது, பதினோரு நிமிஷம் பொறுங்கள் என்றாள். பதினோரு நிமிஷத்தில் என்ன அவசரம் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் வீட்டு அவசரம் அப்படித்தான் நடக்கும் என்றாள்.

மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. எழுத்தம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி, கண்ணாடி மூடியின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். கீழே தலை போன வழியில் மேலே விரலை நகர்த்தினாள். 'ற' வந்தபோது இரண்டும் தயங்கின. வரி முடிந்து மெஷின் ஒரு மூச்சு நின்றது. பிறகு கடைசியிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக வந்தது. அந்த விரலை அவளும் ஐந்து முறை வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அதை விரல் உணர்ந்ததா என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்ய முடியாது.

வண்டி போனது. மெஷின் இருந்த இடத்தில் அதன் கால்கள் பட்ட தரை மட்டும் நாலு சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் பொருத்தியவருக்கு போன் போட்டார். வரிசையை மாற்றாமல் எழுத வைக்க முடியுமா என்றார். முடியும், ஆனால் வேகம் போய்விடுமே சார், அதற்கா இவ்வளவு சிரமப்பட்டு வாங்கினீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு பலகைக்கு மட்டும்தான் என்றார் இவர்.

இப்போது தினமும் காலையில் ஷட்டர் திறந்ததும் முதல் பலகை அவளுடையது. பேனாப் பெட்டிகளை இறக்கி முக்காலியைக் காலி செய்வார். இருப்பதிலேயே குறைந்த வேகம். அப்படியும் ஒரு நிமிஷம்தான். விரலை வைத்துக் கூடவே போகத் தலை இல்லை, தொடக் கண்ணாடிச் சூடும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் புள்ளியில்லாமல் வரியை முடித்து, கடைசிக்குப் போய், திரும்பி வரும். ஐந்து, நாலு, மூன்று என்று அவள் மனசுக்குள் எண்ணுவாள். முதல் எழுத்தின் பக்கத்தில் கடைசிப் புள்ளி விழுந்ததும் விளக்கு அணைந்துவிடும். அவர் பலகையை எடுத்துத் துடைக்கப் போவார், பேனாக்கள் வரிசையாக உள்ளே போகும்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாளைக் காலைக்காகக் காத்திருக்கத் தொடங்குவாள்.