விசில் அண்ணி ஸ்கேனுக்குப் போனது

என் அண்ணன் பெண்டாட்டிக்கு டிப்போவில் வைத்த பெயர் விசில். பஸ் கண்டக்டர். அவள் விசிலை வாயில் வைத்தால் பின்படிக்கட்டில் தொங்குகிற தடியன்கள்கூட நல்ல பிள்ளைகளாக உள்ளே ஏறிவிடுவார்கள். டிக்கெட் எடுக்காமல் வாதம் பண்ணிய ஒரு பெரிய மனிதரை நட்டநடு ரோட்டில் இறக்கிவிட்டு, "நடங்க, நல்லாப் பசிக்கும்" என்று வாழ்த்தி அனுப்பியவள். வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான்.

வேலைக்குப் போகிற நாளில் அண்ணி தண்ணீர் குடிக்க மாட்டாள். அவள் போகிற ரூட்டில் பெண்கள் ஒதுங்க ஒரே ஓர் இடம்தான், அதிலும் எப்போதும் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று ஆண்டவனுக்கே தெரியாது. "கண்டக்டர் வேலைக்கு முதல் தகுதியே அடக்குறதுதான்" என்பாள். அடக்கி அடக்கியே பழகியவள், சொல்ல வேண்டியதையும் சேர்த்து அடக்கிவிட்டாள். சில மாதங்களாக மாதவிடாய் வந்தால் நிற்பதே இல்லை. நாப்கினை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றபடியே டிக்கெட் கிழித்திருக்கிறாள். ஒருநாள் சமையலறையில் தலைசுற்றி உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். பொம்பளைகள் புருஷனிடம் சொல்லாததையெல்லாம் புருவம் எடுக்கும்போது என்னிடம் சொல்வார்கள். எங்கள் வீட்டு ரகசியம் மட்டும் எனக்குக் கடைசியில் வந்து சேர்ந்ததில் எனக்குப் பயங்கரக் கோபம்.

கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் அண்ணி மெல்ல வாயைத் திறந்தாள்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் போச்சு. எங்கப்பா எல்லார்கிட்டயும் வயித்து வலின்னு சொன்னார். கடைசி வரைக்கும் வயித்து வலிதான். என்ன வியாதின்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கும் அதுவா இருந்துட்டா?"

அந்த 'அது' என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் அண்ணன் விஷயம் வேறு. பெயின்ட் கடையில் வேலை. நீலத்தில் மட்டும் எத்தனை நீலம் உண்டோ அத்தனை பெயரும் தூக்கத்தில் சொல்வான். கர்ப்பப்பை என்று சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு எழாது. அவன் பங்குக்கு அவனும் எல்லோரிடமும், "அவளுக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு வந்தவன், வாசலைத் தாண்டாமல் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றுவிட்டான்.

ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீர் போகாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "ஒரு லிட்டரா? அதை வெச்சு நான் ஒரு வாரம் ஓட்டுவேனே" என்று புலம்பியபடி குடித்து முடித்தாள். உள்ளே பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் காலைப் பின்னிக்கொண்டு, யாராவது தும்மினால்கூட முறைக்கிற நிலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, பக்கத்தில் இருந்த கர்ப்பிணியைப் பார்த்து, "நீ போம்மா, புள்ளத்தாச்சி" என்றாள். நல்ல மனசு என்று நினைத்தேன். அடுத்த முறை, கைத்தடியோடு வந்த அம்மாளை அனுப்பினாள். அதற்கடுத்து பயந்துபோயிருந்த ஒரு கல்லூரிப் பெண். "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று அந்த இடத்தையே பஸ்ஸாக்கிவிட்டாள். நாலாவதாக ஒரு அம்மாவை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அந்த அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கையைப் பிடித்தேன்.

"பயமா இருக்கா அண்ணி?"

"பயமா? எனக்கா? முட்டிக்கிட்டு நிக்குது, அதான்." பிறகு என் காதுக்குள், "உள்ள போனா தெரிஞ்சிருமேடி" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையைக் கோபமாக்கிக்கொள்வது என் வழக்கம்.

"நீங்க பாக்கலைன்னா மட்டும் அது டிக்கெட் எடுக்காம அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் போயிருமா?"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்க வெக்காதடி பாவி, இங்கயே வெள்ளம் வந்துரும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் உள்ளே ஓடினாள்.

அறை பாதி இருட்டு, ஏசி குளிர். ஸ்கேன் டாக்டர் ஒரு பெண், உதவிக்கு ஒரு அம்மா. கூட நான் இருக்கலாமா என்று அண்ணியிடம் கேட்டார்கள். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. அடிவயிற்றில் ஜெல்லைத் தடவியதும், "என்ன டாக்டர், ஐஸையா தடவுறீங்க?" என்று துள்ளினாள். மேலே கருவியை வைத்து அழுத்தியபோது, "அங்க அழுத்தாதீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று எச்சரித்தாள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் பின்னால் இருக்கிற கர்ப்பப்பை தெரியும் என்று டாக்டர் சிரித்தார். பிறகு, "இன்னும் கிட்டத்துல பாக்கணும். பாத்ரூம் போயிட்டு வாங்க, உள்வழியாப் பாத்துரலாம்" என்றார். முதல் பாதியைக் கேட்டதுமே அண்ணி பாத்ரூமுக்குள் இருந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்த ஆனந்தத்தை என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளில்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாதி அப்புறம்தான் புரிந்தது. இடுப்புக்குக் கீழே துணியைக் கழற்றிவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். டாக்டர் மெல்லிய கோல் ஒன்றை எடுத்து அதற்கு ஆணுறை மாட்டி ஜெல் தடவினார்.

"பாருடி, இதுக்குக்கூட உறை போடுறாங்க. உங்கண்ணனுக்கு நான் எத்தனை வருஷமாச் சொன்னேன்..."

"நிறுத்துங்க அண்ணி, அவன் எங்கூடப் பொறந்தவன்."

ரப்பர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டர் கேட்டார். "கொஞ்சம்தான் உள்ள போகும். நீங்களே வெச்சுக்கிறதுன்னாலும் சரி. வலிச்சா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, உடனே நிறுத்திருவேன்."

"எங்க டிரைவர்கூட ஒரு ஸ்டாப் தள்ளித்தான் நிறுத்துவார் டாக்டர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ரத்தம் நிக்கல. அசிங்கமா இருக்குமே" என்றாள்.

"அதைப் பாக்கத்தானே நான் இருக்கேன்" என்றார் டாக்டர் சாதாரணமாக.

கோல் உள்ளே போனபோது அண்ணி முகத்தைச் சுளித்தாள். வலியா என்று கேட்டேன். "வலியில்ல, யாரோ வீட்டுக்குள்ள நாற்காலியை நகத்துற மாதிரி இருக்கு" என்றாள். டாக்டர் கோலை இப்படியும் அப்படியும் திருப்பித் திரையில் அளவெடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

"அதுவா டாக்டர்?"

"கர்ப்பப்பையில நார்க்கட்டி, ஃபைப்ராய்டுன்னு சொல்வாங்க. ரெண்டு இருக்கு. ஒண்ணு உள்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கு, ரத்தம் அதனாலதான் போகுதுன்னு நினைக்கிறேன். பார்வைக்குக் கெட்ட கட்டி மாதிரி தெரியல. சினைப்பையும் நல்லா இருக்கு. மேல என்ன பண்றதுன்னு உங்க டாக்டர் சொல்வாங்க."

அண்ணி திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள். "எங்கம்மாவுக்கு ஒருத்தர்கூட இப்படி எட்டிப் பாக்கலையே" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த அழுகையை அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

வெளியே அண்ணன் போனில் டிப்போவின் டைம்கீப்பரிடம் லீவு சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆமா சார், வயிறு கொஞ்சம் சரியில்ல..."

அண்ணி அவன் முன்னால் போய் நின்றாள். "எந்த வயிறு? கர்ப்பப்பையில கட்டி, ரத்தம் போகுது, வைத்தியம் பாக்கணும், லீவு வேணும். அப்படிச் சொல்லுங்க."

"நீயே பேசேன்."

"எங்கப்பாவும் வயிறுன்னுதான் சொன்னார். நான் செத்தாலும் வயிறுன்னு சொல்லித்தான் தூக்குவீங்களா?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு பதற்றத்தில், வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினான்: "சார், அவளுக்குக் கர்ப்பப்பையில கட்டி!"

அண்ணி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க பாத்தீங்க?" டைம்கீப்பர் கேட்டார். "என் வீட்டுலயும்... ரொம்ப நாளா வயித்து வலின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

"முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க சார்" என்றாள் அண்ணி. "உள்ள போகப் பயந்தாங்கன்னா எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க. நான் கூட வர்றேன்."