ஸ்வெட்டர் போட்ட பானை

முதலிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைகிறது. ஒரு பனியன் கம்பெனி வாசலில் வேப்பமரம், அதன் அடியில் மண்பானை. பானைக்கு யாரோ குழந்தைகளின் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார்கள். நீல நிறம், தொப்பி வைத்தது, சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது.

டீ நேரத்துக்கு வெளியே வந்த தையல்காரப் பெண் சரஸ்வதி எனக்கு ஒரு டம்ளர் மொண்டு தருகிறார். தண்ணீர் சில்லென்று இறங்குகிறது.

"பனி பெய்யற ஊருக்குத் தெச்சதுங்க. தகரக் கூரைக்குக் கீழ இத மடியில போட்டுத் தெச்சா நெருப்பாட்ட இருக்கும். போன வாரம் எங்க லைன்ல ஒரு புள்ள மயங்கியே விழுந்திருச்சு. அப்பறந்தான் இந்தப் பானைய வெச்சோம்."

"அனுப்பவேண்டிய ஸ்வெட்டர் இங்கே இருக்கிறதே?"

"அங்கயும் முன்னாட்ட குளிரு இல்லீங்களாம். இவ்வளவு தடிமன் வேண்டாம்னு ஆர்டரப் பாதியில நிறுத்திட்டாங்க."

"அப்போ உங்களுக்கு வேலை?"

"பாக்கலாங்க. அந்த ஊருப் புள்ளைங்க பனிய உருட்டி வெளையாடுமாமுங்க. இனி என்னத்த வெளையாடும், பாவம்."

உள்ளே மணி அடிக்கிறது. சரஸ்வதி ஸ்வெட்டரின் மேல் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறார். புழுதி விழாமல் தொப்பியைப் பானையின் வாய்க்கு மேல் இழுத்துவிடுகிறார். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையைப் போல அதன் முதுகில் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே ஓடுகிறார்.