குளிக்காமல் பழனிக்குப் போனவர்கள்

ரயில்வே கன்ட்ரோலிலிருந்து போன் வந்தபோது, பிளாட்பாரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு எக்ஸ்பிரஸ்ல கமர்ஷியல் இன்ஸ்பெக்டர் வர்றார். உங்க ஸ்டேஷன்ல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பார்க்கத்தான்" என்றார்கள்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷன் உடுமலைப்பேட்டையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. மீட்டர் கேஜைப் பிடுங்கி பிராட் கேஜ் போட்ட வருஷங்களில் வண்டியே இல்லை. ஊர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. ஸ்டேஷனுக்கும் வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: சோளம் காயப்போட, கல்யாண ஜோடிகளைப் போட்டோ எடுக்க, முக்கியமாக வாக்கிங் போக. எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்ததும் இந்த வாக்கிங் கோஷ்டிதான். சோதனை முறையில் ஸ்டாப் கிடைத்ததும் வெடி போட்டார்கள். அப்புறம் தினமும் வண்டி வந்தால் ஓரமாக நின்று டாட்டா காட்டிவிட்டு நடையைத் தொடர்வார்கள்!

தவறாமல் ஏறுவது திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஸ்டெல்லா ஒருத்திதான். பஸ்ஸில் போனால் டியூட்டி நேரத்துக்குச் சேர முடியாது; ஸ்டாப் போனால் அவள் வேலையும் போய்விடும்.

கோஷ்டித் தலைவர் தேங்காய் மண்டி தங்கவேலை வழிமறித்தேன்.

"அண்ணா, இன்னைக்கு எல்லாரும் வண்டி ஏறுங்க. இல்லீனா ஸ்டாப் போயிரும்."

"அதுக்கென்னுங்கம்மணி, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி பஸ்ஸுல வந்துபோட்டாப் போச்சு."

"எக்ஸ்பிரஸ் அங்க நிக்காதுங்க. பழனிலதான்."

கோஷ்டி மொத்தமும் நின்றுவிட்டது.

"பழனிக்கா? குளிக்காமயா? ட்ரவுசரோட முருகன் முன்னால போய் நிக்கறதுங்களா?"

அந்நேரம் டிபன் பையோடு வந்த ஸ்டெல்லா சொன்னாள்: "சண்முகநதி அங்கதானுங்களே இருக்குது? ஒரு முங்கு போடுங்க. வேட்டி அடிவாரத்துல கிடைக்கும்."

"சர்ச்சுக்குப் போற புள்ள முருகனுக்கு வழி சொல்லுது பாரு!" தங்கவேல் இடி மாதிரி சிரித்தார். "டிக்கெட்டக் குடுங்கம்மணி!"

கவுன்டரில் தள்ளுமுள்ளு. அந்த ஸ்டேஷனில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வண்டி வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர், ட்ரவுசரும் வியர்வையுமாக ஏறுகிற கூட்டத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"இவங்கெல்லாம் எங்க போறாங்க?"

"பழனிக்குங்க சார்."

"வெறுங்கையோடயா?"

படியில் நின்ற தங்கவேலே பதில் சொன்னார்: "முருகன் கூப்புட்டா, பையத் தேடிட்டு இருக்க முடியுங்களா சார்?"

சாயங்காலம் தங்கவேலின் மனைவியிடமிருந்து போன். "ஏனுங்க மேடம், வாக்கிங் போன மனுசன் மொட்டையோட ஊட்டுக்கு வந்திருக்காரு. உங்க ஸ்டேஷன்ல என்னதான் பண்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். "என்னைய உட்டுப்போட்டா போனாரு?" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த கிருத்திகைக்கு அந்த அம்மாவின் தலைமையில் பெண்கள் படையே வந்தது, குளித்து, பூ வைத்து, கட்டுச்சோற்று மூட்டையோடு. அப்புறம் மாதம் தவறவில்லை. ஸ்டாப்பும் நிரந்தரமானது.

சர்வீஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: வண்டி நிற்க மனு போதும், நின்றுகொண்டே இருக்க ஊர் ஏற வேண்டும். ஏற ஆரம்பித்த ஊரை நிறுத்த மட்டும் யாராலும் முடியாது. ஒரு கிருத்திகையன்று கூட்டத்தில் நசுங்கி, டிபன் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லா கத்தினாள்:

"மேடம், ஸ்டாப்ப காப்பாத்துனது சரிங்க. எனக்கு நிக்கவே எடமில்லீங்களே!"